வைஃபை சிப்பின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்

கள்ளக்குறிச்சி இன்னும் விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த நாட்களில், இந்தப் பக்கம் லினக்ஸ் வேண்டுமென்றால் தபால்காரரைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும். டயல்-அப் இணைப்பில் 700 எம்பி சிடி ஒன்றை இறக்குவது நடக்கிற காரியம் இல்லை. பத்திரிகையோடு வரும் சிடி ஒரு வழி. 'பிசி குவெஸ்ட்' இதழ் 1996-லேயே தன் வாசகர்களுக்கு லினக்ஸ் சிடி கொடுக்க ஆரம்பித்துவிட்டது. இன்னொரு வழி உபுண்டு. 2004 அக்டோபரில் முதல் பதிப்பு வந்த கையோடு, கேட்டவர்களுக்கெல்லாம் சிடியை இலவசமாகவே அனுப்பிவைத்தது கேனானிகல் நிறுவனம். முகவரி கொடுத்துவிட்டுச் சில வாரம் பொறுத்திருந்தால் வெளிநாட்டு முத்திரை குத்திய அட்டை உறை வீட்டு வாசலுக்கு வரும். 2011 ஏப்ரலில் அந்தச் சேவையை நிறுத்தினார்கள்.

சிடி வந்துவிடும். அதைப் போடும் கணினியில்தான் சிக்கல். அன்று வீடுகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் இருந்தவை பெரும்பாலும் சேலத்திலோ சென்னை ரிச்சி தெருவிலோ உதிரிபாகம் வாங்கி அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்புகள். எந்த போர்டு விலை குறைவோ அதுதான் உள்ளே இருக்கும். லினக்ஸை நிறுவும்போதே மானிட்டரின் கிடைமட்ட அதிர்வெண் என்ன, செங்குத்து அதிர்வெண் என்ன என்று கேட்கும். கையேட்டைத் தேடி எடுத்துச் சரியாகக் கொடுக்காவிட்டால் திரை கறுத்துவிடும். அதைத் தாண்டினால் மோடம். மலிவான உள்மோடம்கள் தாங்கள் செய்ய வேண்டிய வேலையில் பாதியை விண்டோஸ் மென்பொருளிடம் ஒப்படைத்துவிடும் வகை. லினக்ஸில் அவை வாய் திறக்காது. விவரம் தெரிந்தவர்கள் கூடுதல் பணம் போட்டு, வெளியே வைத்து கேபிள் சொருகும் சீரியல் மோடம் வாங்கினார்கள்.

லேப்டாப் புழக்கத்துக்கு வந்தபோது மோடத்தின் இடத்தை வைஃபை பிடித்துக்கொண்டது. பிராட்காம் சிப் உள்ள லேப்டாப் கிடைத்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. விண்டோஸுக்கு எழுதிய டிரைவரை எடுத்து லினக்ஸுக்குள் ஓடவைக்க 'என்டிஸ்ராப்பர்' என்று ஒரு கருவியே தனியாக இருந்தது. 2010 செப்டம்பரில்தான் பிராட்காம் தன் புதிய சிப்புகளுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. அதுவரை, இணையம் வர டிரைவர் வேண்டும், டிரைவர் வர இணையம் வேண்டும். சென்னையில் இருப்பவர் பக்கத்து அறை நண்பரின் கணினியில் இறக்கிக்கொள்வார். சின்னசேலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருப்பவர் பஸ் ஏறி டவுனுக்கு வந்து, பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து இறக்கி, பென்டிரைவில் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். அங்கே போய்ப் பார்த்தால் அது வேறு பதிப்புக்கான கோப்பாக இருக்கும். ஆர்வத்தோடு வந்த எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் லினக்ஸை விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் யாரும் அறிவில் குறைந்தவர்கள் அல்ல. கையில் கிடைத்த இயந்திரம் அப்படி. எதை வாங்குவது என்று யோசித்துத் தேர்ந்தெடுக்கும் வசதி அன்று இங்கே பெரும்பாலோருக்கு இல்லை.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை முதலில் நமக்காகச் செய்தது அரசாங்கம். இதை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் மேலாண் இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே இருந்த கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அரசு வாங்கும் கணினியில் லினக்ஸ் ஓட வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் கோப்புகளுக்குள் நுழைந்தது. பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடத்தில் ஸ்டார் ஆபீஸ் சொல்லிக்கொடுத்ததும் அதே காலம்தான். சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கி 2007-ல் வெளியிட்டிருந்தது.

பிறகு 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒப்பந்தப்புள்ளியில் எந்த இயங்குதளம் என்பது பற்றி வாக்குவாதம் நடந்தது, கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் குரல் கொடுத்தார்கள். மாணவர் கைக்கு வந்த இயந்திரங்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. முதல் தவணையில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். அடுத்த ஆண்டுகளில் மாநிலம் முழுக்க ஐம்பது லட்சத்துக்கும் மேல் கொடுக்கப்பட்டன. சங்கராபுரம், தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை அரசுப் பள்ளிகளுக்கும், கல்வராயன் மலைமேல் இருக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் அவை போய்ச் சேர்ந்தன.

அந்தத் திட்டத்தின் பெரிய நன்மையாக நான் கருதுவது வேறொன்று. லினக்ஸை ஏற்றிக் கொடுக்க வேண்டுமானால், லினக்ஸில் ஓடும் வைஃபை, ஓடும் ஆடியோ, ஓடும் கிராபிக்ஸ் உள்ள போர்டைத்தான் நிறுவனங்கள் போட்டாக வேண்டும். மரவள்ளி பயிரிடும் ஒரு மலைக் குடும்பத்துப் பிள்ளை எதுவும் கேட்காமலேயே லினக்ஸுக்கு ஒத்துவரும் லேப்டாப் அவர் கைக்கு வந்துவிட்டது.

லினக்ஸைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. கணினியை ஆன் செய்ததும் இரண்டில் எது என்று கேட்டு வரும் கறுப்புத் திரை பலருக்குக் குழப்பமாக இருந்தது. செல்போன் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அங்கே மொத்தமாக அழித்து, விண்டோஸ் மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். விழுப்புரத்தில் 2013-ல் தொடங்கிய குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களைக் கூட்டி உட்காரவைத்து இலவசமாகச் சொல்லிக்கொடுத்தது. இன்றைக்கும் அந்தப் பணி நடக்கிறது. வட மாவட்டங்களில் லினக்ஸ் என்ற பெயரை ஒரு கல்லூரி மாணவர் தெரிந்துவைத்திருந்தால், அதில் இந்தக் குழுவின் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 2018-ல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டுவும் ஓப்பன் ஆபீஸும் பாடமாகவே வந்துவிட்டன. ஆனால் அதற்குள் முதலில் வந்த லட்சக்கணக்கான லேப்டாப்புகள் பரணுக்குப் போய்விட்டன.

இன்று நிலைமை மாறிவிட்டது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டம். கடைகள் பெருகிவிட்டன. போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே லேப்டாப் வந்துவிடுகிறது. லினக்ஸும் அன்றுபோல் இல்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், வைஃபை சிப்புக்குத் தேவையான ஃபர்ம்வேர் நிறுவும் கோப்பிலேயே சேர்ந்து வருகிறது. மானிட்டர் அதிர்வெண்ணை இப்போது யாரும் கேட்பதில்லை. தமிழில் தட்டச்ச அன்று எழுத்துருவுக்கும் குறியாக்கத்துக்கும் அலைந்தோம். இன்று ஐபஸ் அமைப்பில் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்தால் போதும். பத்து லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றினால் பெரும்பாலானவை முதல் தடவையே ஓடிவிடும். ஓடாத ஒன்று இரண்டு உங்கள் வீட்டுக்கு வராமல் பார்த்துக்கொள்ளத்தான் இவ்வளவு பேச்சு.

கடையில் 'டாஸ் லேப்டாப்' என்று ஒன்று காட்டுவார்கள். விண்டோஸ் இல்லாததால் சில ஆயிரம் ரூபாய் குறையும். எப்படியும் லினக்ஸ்தானே போடப்போகிறோம், இதை வாங்கினால் லாபம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் இல்லை என்பதற்கு லினக்ஸில் சோதித்தது என்று பொருளில்லை. அதே போர்டு, அதே சிப். உரிமத்தை மட்டும் எடுத்துவிட்டு விற்கிறார்கள். உபுண்டு ஏற்றியே வரும் மாடல் கிடைத்தால் அது வேறு கதை. அங்கே நிறுவனமே சோதித்திருக்கும். டெல் 2012-லேயே எக்ஸ்பிஎஸ் 13-ஐ உபுண்டுவோடு விற்கத் தொடங்கியது. 2020-ல் லெனோவோ தன் திங்க்பேட் பி வரிசை முழுவதையும் லினக்ஸுக்குச் சான்றளிப்பதாக அறிவித்தது. உபுண்டு தான் சான்றளித்த மாடல்களின் பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கிறது. கடைக்குப் போகும் முன் அதில் ஒரு முறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வைஃபை. இதில் இன்டெல் சிப் இருந்தால் கவலையே இல்லை. மீடியாடெக்கின் 7921, 7922 ஆகியவற்றுக்கு டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. ரியல்டெக்கில்தான் எண்ணைப் பார்க்க வேண்டும். 8821சிஇ என்ற சிப் பல ஆண்டுகள் ஆட்களை அலையவிட்டது. 8852பிஇ என்பதற்கு 2023-ல் வந்த 6.2 கெர்னலில்தான் ஆதரவு சேர்ந்தது. அதாவது, கொஞ்சம் பழைய லினக்ஸ் பதிப்பைப் போட்டால் அந்த லேப்டாப்பில் வைஃபை தென்படாது. புதிய பதிப்பைப் போட்டால் தானாக வந்துவிடும். இதில் இன்னொரு கண்ணி உண்டு. ஒரே மாடல் பெயரில் ஒரு தொகுதியில் இன்டெல், அடுத்த தொகுதியில் ரியல்டெக் என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். நண்பர் வாங்கிய மாடல் ஓடியது, அதையே நானும் வாங்கினேன் என்பது உத்தரவாதம் ஆகாது. உங்கள் முன்னால் இருக்கும் பெட்டியில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். சிப் சரியில்லாமல் போனாலும் ஒரு வழி இருக்கிறது. வைஃபை கார்டு தனியாகக் கழற்றி மாட்டும் வகையாக இருந்தால் இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். இது ஏஎம்டி போர்டிலும் ஓடும். ஏஎக்ஸ்211 என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். அது அதற்கென வடிவமைத்த இன்டெல் போர்டில் மட்டும்தான் வேலை செய்யும்.

கிராபிக்ஸுக்கு இன்டெல் அல்லது ஏஎம்டியின் உள்ளமைந்த சிப் போதும். இரண்டுக்கும் திறந்த டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. என்விடியா 2022 மே மாதம் தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்துவிட்ட பிறகு நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் வீடியோ எடிட்டிங், இயந்திரக் கற்றல் என்று தேவை இருப்பவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போனால் போதும். மற்றவர்களுக்கு அது கூடுதல் விலை, கூடுதல் சூடு, குறையும் பேட்டரி. கைரேகை சென்சார் பல லேப்டாப்களில் லினக்ஸில் ஓடாது. அதற்காக ஒரு நல்ல இயந்திரத்தை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. கேமரா அப்படியல்ல. இன்டெல்லின் சில புதிய மெல்லிய லேப்டாப்களில் யுஎஸ்பி வகைக்குப் பதிலாக வேறு வகை கேமரா வருகிறது. லினக்ஸில் அது தகராறு செய்கிறது. ஆன்லைன் வகுப்பு, நேர்காணல் என்றிருக்கும் மாணவருக்கு இது பெரிய இழப்பு.

இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு பென்டிரைவ் போதும். வென்டாய் என்ற கருவியை அதில் போட்டு, உபுண்டு, மின்ட் இரண்டின் கோப்புகளையும் நகலெடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்க நினைக்கும் அதே லேப்டாப்பில் அதைச் சொருகி, நிறுவாமல் 'லைவ்' ஆக ஓட்டுங்கள். டிஸ்கில் இருக்கும் எதையும் அது தொடாது. செக்யூர் பூட் தடுத்தால் பயாஸுக்குள் போய்த் தற்காலிகமாக அணைக்கலாம். ஆனால் விண்டோஸ் உள்ள லேப்டாப்பில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும், கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திரை வந்ததும் உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். ஒரு பாட்டை ஓடவிட்டு ஸ்பீக்கர் கேட்கிறதா என்று பாருங்கள். கேமராவைத் திறங்கள். பிறகு டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை 'என்என்கே' என்ற துணையெழுத்துகளோடு தட்டுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு சிப்பின் பெயரும் வரிசையாக வரும். வைஃபை வரிக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருந்து, அதன் எதிரே 'ஐடபிள்யூஎல்வைஃபை' போல ஒரு பெயர் நின்றால் லினக்ஸ் அதை அடையாளம் கண்டுகொண்டது. அந்த வரியே இல்லை என்றால் அந்த லேப்டாப்பை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். கால் மணி நேர வேலை இது.

கடைசியாக, மூடியை மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். பழைய லேப்டாப்கள் தூங்கினால் ரேமைத் தவிர எல்லாம் அணைந்துவிடும். புதியவற்றில் போனைப் போல அரைத்தூக்கம்தான். சில மாடல்களில் லினக்ஸ் அந்த அரைத்தூக்கத்தைச் சரியாகக் கையாளாமல் பேட்டரி கரைகிறது. கள்ளக்குறிச்சி கல்லூரியில் மூடிப் பையில் வைத்த லேப்டாப், கச்சிராயபாளையம் தாண்டி மலையேறி வெள்ளிமலை போய்ச் சேரும்போது சூடேறிச் செத்துக்கிடந்தால், போன இடத்தில் மின்சாரமும் இல்லாவிட்டால், அன்றைய படிப்பு போயிற்று.

மலைக்காரர்களுக்குத் தேர்வு ஏன் இன்னும் கறாராக இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம் மட்டுமே. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. சாலை, மின்சாரம், செல்போன் கோபுரம் என எல்லாமே சமவெளிக்கு வந்து பல காலம் கழித்துத்தான் அங்கே போனது. இன்றும் வெள்ளிமலையைத் தாண்டி உள்கிராமங்களுக்குப் போனால் சிக்னல் வரும், போகும். டவுனில் இருப்பவருக்கு டிரைவர் இல்லாத வைஃபை ஒரு மாலைப்பொழுதின் எரிச்சல். மலைக் கிராமத்து மாணவருக்கு அது அடுத்த பஸ் பயணம் வரை பயன்படாத லேப்டாப். நாம் பழைய நாளில் பட்ட பாட்டை அந்த மாணவர் இன்றும் படுகிறார். அதனால் அங்கே போகும் லேப்டாப்பில் எல்லாம் கெர்னலிலேயே இருக்க வேண்டும். கீழே இருக்கும்போதே அப்டேட் அனைத்தையும் முடித்துவிட வேண்டும். லிப்ரே ஆபீஸ், பாடநூல் பிடிஎஃப்கள், கிவிக்ஸ் மூலம் தமிழ் விக்கிப்பீடியா ஆகியவற்றை ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலேயே படிக்கலாம். சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போட்டால் லினக்ஸ் தனி டிரைவர் கேட்காமல் இணையத்தை எடுத்துக்கொள்ளும்.

பணம் இடிக்கும் குடும்பத்துக்கு என் யோசனை, புதிய மலிவு லேப்டாப்பைவிட அலுவலகங்களில் இருந்து கழித்துவிடும் பிசினஸ் லேப்டாப். திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வரிசைகளில் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. 2018-ன் திங்க்பேட் டி480-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரேம் போட இரண்டு இடம், வெளியே கழற்றும் பேட்டரி ஒன்று, உள்ளே ஒன்று. கீபோர்டு போனால் கீபோர்டை மட்டும் மாற்றலாம். ரேமைப் போர்டோடு பற்றவைத்த மெல்லிய புது லேப்டாப்பில் இதெல்லாம் நடக்காது. வாங்கும்போது பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை லினக்ஸிலேயே பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

பரணில் கிடக்கும் அந்த அரசு லேப்டாப்களை மறந்துவிடாதீர்கள். முதல் தவணையில் வந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 இவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்ளாது. லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும். பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டு, 4 ஜிபி ரேம் இருந்தால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, 2 ஜிபி மட்டும் என்றால் ஆன்டிஎக்ஸ் ஏற்றுங்கள். தட்டச்சு பழக, நிரல் எழுதிப் பழக, பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்க அது தாராளம்.

புதிய தவணையும் வந்துவிட்டது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்த தமிழக அரசு, 2026 ஜனவரியில் கொடுக்கத் தொடங்கியது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, கூடவே இந்த முறையும் பாஸ் லினக்ஸ். பெற்றுக்கொண்ட மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் கொடுத்து எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். முதலில் பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வாரம் லினக்ஸில் மட்டும் வேலை செய்து பாருங்கள். சொந்தக் காசில் வாங்கப்போகிறவர்கள் பென்டிரைவோடு கடைக்குப் போங்கள். சொருகிப் பார்க்க விடமாட்டேன் என்று சொல்லும் கடையில் லேப்டாப் வாங்காதீர்கள்.